கடைச் சுவருக்குப் பெரிய டைல்ஸ்: ஒட்டும் முன் சுவரைப் பாருங்கள்

ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடித்து, கல்லாவுக்குப் பின்புறம் மட்டும் டிஸ்டெம்பர் பூசி, சாமி படம் மாட்டினால் மளிகைக் கடைச் சுவர் தயார் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று வட்டத் தலைநகரில் உள்ள சிறு கடைகளில்கூடச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். எண்ணெய்க் கறை துடைத்தால் போகிறது. பருப்பு மூட்டை உரசினால் சுண்ணாம்பு உதிர்வதில்லை. விளக்கு வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரிகிறது. உணவுப் பொருள் விற்கும் நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் 4ஆம் அட்டவணை, சுவர் வழவழப்பாகவும் எளிதில் சுத்தம் செய்யத்தக்கதாகவும், பெயிண்டோ பூச்சோ உரிந்து விழாமலும் இருக்க வேண்டும் என்கிறது. டைல்ஸ்தான் ஒட்டியாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் ஆய்வுக்கு வருகிறவர் முன் டைல்ஸ் ஒட்டிய சுவர் நமக்குத் தெம்பைத் தருகிறது என்பது உண்மை.

டைல்ஸ் ஒட்டுவதில் தவறில்லை. ஒட்டும் முறையில்தான் கோளாறு நிறைய இருக்கிறது. முன்பு கடைகளில் ஒட்டியது முக்கால் அடிக்கு ஓரடி அளவுள்ள சிறு செராமிக் டைல்ஸ். ஒன்றின் எடை முக்கால் கிலோ இருக்கும். இப்போது குஜராத் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குவது, ‘ரெண்டுக்கு நாலு’ என்று வியாபாரத்தில் சொல்லும் இரண்டடி அகலம், நான்கடி நீளமுள்ள போர்சலின் டைல்ஸ். விட்ரிஃபைட், ஜி.வி.டி., பி.ஜி.வி.டி. என்று பெட்டியில் எது போட்டிருந்தாலும் சரக்கின் இனம் ஒன்றுதான். 9 மி.மீ. கனமுள்ள ஒரு டைலின் எடை 14 முதல் 15 கிலோ. அதாவது ஒரு எண்ணெய் டின்னைச் சுவரில் ஒட்டி, அதன் கீழே கல்லா போட்டு உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல் இப்படி மாறிவிட்டது. ஒட்டுகிற கை பல இடங்களில் மாறவில்லை.

நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவரின் கடையில் நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். புதுப்பித்த கடை. சுவரெல்லாம் பளிங்கு போல வெள்ளை டைல்ஸ். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் காலை கடையைத் திறந்தபோது, ஏழடி உயரத்தில் இருந்த இரண்டு டைல்கள் கீழே சர்க்கரை மூட்டையின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தன. இரவில் விழுந்ததால் யாருக்கும் காயமில்லை. மாலை நேரக் கூட்டத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் எழுதித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. போலிப் பசை கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நண்பர் பசை விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் வந்து, உடைந்த டைலைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என ஐந்து பசை உருண்டைகள் கல்லாக இறுகி டைலோடு ஒட்டியே இருந்தன. ஒவ்வோர் உருண்டையின் மேலும் வட்டமாக, பிளாஸ்டிக் தாள் போல, இளம்பச்சைப் பெயிண்டும் அதன் அடியில் வெள்ளைப் பட்டியும். பசை தன் வேலையைச் செய்திருந்தது. பெயிண்டும் பட்டியும்தான் சுவரை விட்டு வந்துவிட்டன.

பெரிய டைல்ஸ் ஒட்டும் வேலையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த உடைந்த துண்டின் பின்புறத்திலேயே இருந்தது. டைல் செங்கல்லில் ஒட்டுவதில்லை. சுவரின் மேல்தோல் எதுவோ, அதில்தான் ஒட்டுகிறது. அந்தத் தோல் எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் டைலின் உறுதி.

எடை எவ்வளவு, இழுப்பது எது?

நாம் தராசு பிடிக்கும் தொழிலில் இருப்பவர்கள். ஆகவே கணக்கைக் கணக்காகவே பார்ப்போம். பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள சுவருக்கு ரெண்டுக்கு நாலு டைல்ஸ் பத்து வேண்டும். டைல் மட்டும் 150 கிலோ. பசையையும் சேர்த்தால் 200 கிலோவைத் தாண்டும். நான்கு அரிசி மூட்டைகள் சுவரில் தொங்குகின்றன என்று பொருள்.

ஆனால் இந்த எடையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒரு டைலின் பரப்பு 7,200 சதுர சென்டிமீட்டர். 15 கிலோவை வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிராம்தான் வருகிறது. முழுப் பரப்பிலும் பசை பிடித்திருந்தால் இது ஒரு பொருட்டே அல்ல. அப்படியானால் ஏன் விழுகிறது?

சுவர் சும்மா இருப்பதில்லை என்பதுதான் காரணம். புதுப் பூச்சு காயக் காயச் சுருங்குகிறது, டைல் சுருங்குவதில்லை. மேற்குப் பார்த்த சுவர் வெயிலில் சூடேறி, இரவில் குளிர்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிறது, கோடையில் வற்றுகிறது. இந்த அசைவெல்லாம் மயிரிழை அளவுதான். ஆனால் சுவரும் டைலும் ஒரே அளவில் அசையாததால், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒட்டு நாள்தோறும் இழுபடுகிறது. சிறு டைல்ஸில் முக்கால் அடிக்கு ஓர் இணைப்பு வந்து, அந்த இழுப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நான்கடி நீள டைலில் அந்த வசதி இல்லை. ஐந்து உருண்டையில் மட்டும் ஒட்டியிருந்தால், இழுப்பு முழுவதும் அந்த ஐந்து இடத்திலேயே விழுகிறது. ஒட்டு விட்டுப்போன பிறகுதான் 15 கிலோ எடை தன் வேலையைக் காட்டுகிறது.

போர்சலினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது தண்ணீர் குடிக்காது. பழைய சுவர் செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். போர்சலின் அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பதே அதற்கான இலக்கணம். கொத்தனார்கள் டைல்ஸைத் தொட்டியில் ஊற வைத்து, பின்பக்கம் சிமெண்ட் பால் தடவி ஒட்டியது அந்தப் பழைய டைலுக்குச் சரியான முறைதான். சிமெண்ட் பால் நுண்துளைகளில் இறங்கி வேர் பிடித்தது. போர்சலினில் இறங்கத் துளை இல்லை. கண்ணாடியின் மேல் சிமெண்ட் தடவினால் காய்ந்ததும் தகடாகக் கழன்று வருமே, ஏறத்தாழ அதே கதைதான். பெரிய போர்சலின் டைலை ஊற வைக்கவும் வேண்டாம், வெறும் சிமெண்ட் கலவையில் சுவரில் ஏற்றவும் வேண்டாம்.

உங்கள் சுவர் எந்த ஜாதி?

வேலை பேசும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்துக்கொண்டு, சரக்கு மூட்டைகளைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சுவரை நாமே பார்க்கலாம். இதற்கு என்ஜினீயர் தேவையில்லை.

நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு சுவரோடு இருக்கிறது. ‘டொப் டொப்’ என்று பானையைத் தட்டுவது போல ஒலித்தால் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே காற்று இருக்கிறது. அந்த இடத்தில் எவ்வளவு விலை கொடுத்த பசையும் பயன்படாது. பிறகு ஸ்க்ரூ டிரைவரால் கீறிப் பாருங்கள். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் நல்ல பூச்சு. மணல் பொலபொலவென்று கொட்டினால் சிமெண்ட் குறைத்துப் போட்ட பூச்சு, அல்லது நீராற்றாமல் விட்ட பூச்சு. கீறியதும் வெள்ளை மாவாக உதிர்ந்தால் அது பட்டியாகவோ ஜிப்சம் பூச்சாகவோ இருக்கும்.

பட்டியும் பெயிண்டும் இருந்தால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். ‘மேலே நாலு கொத்துப் போட்டா போதும்’ என்று சிலர் சொல்வார்கள். போதாது. கொத்திய பள்ளத்தில் மட்டும் சுவர் தெரியும். பள்ளத்தைச் சுற்றிலும் பெயிண்ட் அப்படியே இருக்கும். சாம்பல் நிறச் சிமெண்ட் பூச்சு தெரியும்வரை எடுத்து, தூசியைத் துடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். நம் கடைகளில் இதற்கு மேல் ஒரு படலமும் உண்டு. எண்ணெய் டின் அடுக்கிய மூலையிலும் சாம்பிராணி காட்டும் இடத்திலும் பிசுக்கும் புகையும் ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும்.

ஜிப்சம் பூச்சு தனிக் கதை. புதிதாகக் கட்டும் வணிக வளாகங்களில் உள்சுவருக்கு இப்போது இதையே பூசித் தருகிறார்கள். பார்க்க வழவழவென்று அழகாக இருக்கும். வீட்டுச் சுவரில் ஜிப்சம் பூசுவது காலங்காலமாக வழக்கத்தில் உள்ள பிரிட்டனில், அதன் மேல் ஒட்டும் டைலும் பசையும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். நாம் பேசும் 9 மி.மீ. டைல் மட்டுமே ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோவைத் தொடுகிறது. பசையைச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். எடை மட்டுமல்ல, சிமெண்ட் கலந்த பசை ஜிப்சத்தை ஈரத்தோடு நேராகத் தொட்டால், இரண்டும் வினைபுரிந்து நடுவே ஊசி ஊசியான உப்புப் படிகங்கள் வளர்ந்து ஒட்டைத் தள்ளிவிடும். பிரைமர் அடித்தால் அந்த வினையைத் தடுக்கலாம், எடையைக் குறைக்க முடியாது. ஆகவே ஜிப்சம் சுவரில் சிறு செராமிக் டைல்ஸ் ஒட்டலாம். ரெண்டுக்கு நாலுதான் வேண்டுமென்றால் அந்த இடத்து ஜிப்சத்தை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூச்சு பூசுவதே வழி. வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பஜார் வீதிக் கடைகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் இன்றும் இருக்கிறது. நூறாண்டு நிற்கும் சுவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காரை மூச்சு விடும் பூச்சு, மிருதுவானது. அதன் மேல் நேராகப் போர்சலினை ஏற்றுவது சரியல்ல. இடுப்பளவுக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவராக இருந்தால் முதலில் ஓதத்துக்கு வழி தேட வேண்டும். ஓதத்தை மறைக்கத்தான் டைல்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். டைலுக்குப் பின்னால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். டைல் முடியும் இடத்துக்கு மேலே போய் உப்புப் பூக்கும்.

புதிதாகப் பூச வேண்டியிருந்தால் நாள் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். பூச்சுக்கு ஏழு நாள் நீராற்ற வேண்டும். அதன் பிறகு காய வேண்டும். பூசியதிலிருந்து 28 நாள் விட்டு ஒட்டுவதே நல்லது. இரண்டு வாரத்துக்குக் குறைவாக ஒருபோதும் கூடாது. கடையைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் உட்கார நம்மால் முடியாது என்பது தெரிந்ததே. ஆகவே ஒவ்வொரு சுவராக எடுத்துக்கொண்டு, வியாபாரம் மந்தமான ஆடியில் பூச்சை முடித்தால், ஆவணியில் டைல்ஸ் ஏற்றி, ஆயுத பூஜைக்குச் சரக்கு அடுக்கிவிடலாம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பூச்சையும் டைல்ஸையும் ஒன்றாக முடித்துத் தரச் சொன்னால் முடித்துத் தர ஆள் கிடைப்பார்கள். அப்படி ஒட்டியதுதான் அடுத்த கோடையில் தட்டினால் சத்தம் கேட்கும்.

பூச்சு சமமாக இருக்க வேண்டியதும் முக்கியம். இரண்டு மீட்டர் மட்டக்கோலைச் சுவரில் வைத்தால் எங்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய கனம் என்று வைத்துக்கொள்ளலாம். சிறு டைல்ஸ் சுவரின் வளைவோடு வளைந்து போகும். நான்கடிப் பலகை வளையாது. மேடு பள்ளத்தைப் பூச்சிலேயே சரிசெய்யாமல், பசையை இங்கே அரை அங்குலம் அங்கே முக்கால் அங்குலம் என்று வைத்து நிரப்பப் பார்க்கும்போதுதான் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் உள்ளே நுழைகிறது.

பசை வாங்கும்போது

கடைகளில் அட்ஹெசிவ் என்று மூட்டையில் விற்கும் டைல்ஸ் பசைக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 15477 என்ற தரநிர்ணயம் உண்டு. 2004இல் வந்து 2019இல் திருத்தப்பட்டது. அதில் 1 முதல் 5 வரை வகைகள் உள்ளன. விலை குறைந்த முதல் வகை சாதாரண செராமிக்குக்கு உரியது. பெரிய போர்சலினைச் சுவரில் ஏற்ற அது போதாது. இரண்டாம் வகையோ மூன்றாம் வகையோ எது வேண்டும் என்பதை, டைலின் அளவையும் சுவர் உள்ளா வெளியா என்பதையும் சொல்லிக் கேளுங்கள். வகை எண்ணோடு ‘டி’ என்ற எழுத்தும் இருந்தால் சுவரில் வழுக்கி இறங்காத பசை என்று பொருள். சில மூட்டைகளில் ஐரோப்பிய முறைப்படி சி1, சி2 என்று போட்டிருக்கும். சி2 என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ இழுவையைத் தாங்கும். சி1 அதில் பாதி. அவ்வளவு இழுவையை நம் பூச்சுகளில் பெரும்பாலானவை தாங்காது. பசை பலமில்லை என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

எத்தனை மூட்டை? ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ பொடி பிடிக்கும். பெரிய டைலுக்கு ஒட்டிய பின் 5 மி.மீ. கனம் வேண்டும் என்றால் சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ. நாம் முன்னே சொன்ன 80 சதுர அடிச் சுவர் ஏழரைச் சதுர மீட்டர் வரும். 56 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டை மூன்று. அந்தச் சுவருக்கு ஒரே மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது பேசினால், உருண்டை வைத்து ஒட்டப் போகிறார் அல்லது மூட்டையில் சிமெண்ட்டும் மணலும் கலக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கலப்படம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பசையில் எதையும் சேர்க்கக் கூடாது, அளந்த தண்ணீரைத் தவிர. உற்பத்தித் தேதி பார்த்து, ஈரம் தட்டாத மூட்டையாக எடுத்து, பில் வாங்கி, காலி மூட்டைகளை வேலை முடியும்வரை எண்ணி வையுங்கள்.

ஒட்டும் நாளன்று

அன்று ஒரு மணி நேரமாவது கல்லாவை விட்டு எழுந்து நிற்க வேண்டும். எல்லா நேரமும் நிற்கத் தேவையில்லை. முதல் டைல் ஏறும்போது நின்றால் போதும்.

பசையைக் கலப்பதைப் பாருங்கள். வாளியில் மூட்டையில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் பொடியைக் கொட்டிக் கலக்க வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டு மறுபடி கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கக் கூடாது. டைலின் பின்பக்கத்தில் வெள்ளைப் பொடி ஒன்று ஒட்டியிருக்கும். சூளையில் டைல் உருளையோடு ஒட்டாமலிருக்கத் தடவியது. அதை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடாமல் ஒட்டினால், பசை அந்தப் பொடியில்தான் ஒட்டும். கோதுமை மாவு தூவிய பலகையில் மாவு உருண்டை ஒட்டுமா?

இனிப் பசை பரப்பும் முறை. 10 அல்லது 12 மி.மீ. பல் உள்ள கரணையால் சுவரில் பசையை இழுத்து, எல்லா வரிகளும் ஒரே திசையில் நேராக, டைலின் குறுகிய பக்கத்துக்கு இணையாக இருக்கும்படி சீவ வேண்டும். வட்ட வட்டமாகச் சுழற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். டைலின் பின்பக்கத்திலும் மெல்லிய பூச்சாகப் பசையைத் தேய்க்க வேண்டும். இரண்டு பேர் பிடித்து டைலை வைத்து, வரிகளுக்குக் குறுக்காக அரை அங்குலம் முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் வரிகள் சரிந்து ஒன்றாகிவிடும். ரப்பர் சுத்தியலால் தட்டி மட்டம் பார்ப்பது இதற்குப் பிறகுதான். சுவரில் பரப்பிய பசை நெடுநேரம் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான பசைகளுக்கு 20 நிமிடம். மின்விசிறிக் காற்றிலும் நம் சித்திரை வெயிலிலும் அதுவும் குறையும். விரலால் தொட்டால் விரலில் பசை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஏடு படிந்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

முதல் டைல் ஒட்டியதும் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் பார்த்த ஒரு வேலையில் மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. “என்ன அண்ணாச்சி, ஒட்டினதையே எடுக்கச் சொல்றீங்க? முப்பது வருஷமா இந்தத் தொழில்லதான் இருக்கேன்” என்றார். “உங்க வேலைமேல குறை சொல்லலை மேஸ்திரி. அரிசி மூட்டையிலே குத்தூசி போட்டுப் பாக்கிறோமில்லையா, அது மாதிரிதான். ஒண்ணே ஒண்ணு எடுங்க, காப்பி சொல்லியிருக்கேன்” என்று கடைக்காரர் பதமாகச் சொன்னதும் எடுத்துக் காட்டினார். மேல் மூலை இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பசை படாமல் டைலின் நிறம் தெரிந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் பெரிய பல் உள்ள கரணையை எடுத்துவரச் சொன்னார். அடுத்த டைலில் மூலை முடுக்கெல்லாம் நிறைந்திருந்தது. உலர்ந்த உள்சுவரில் குறைந்தது 80 சதவீதம், தண்ணீர் படும் இடத்தில் 95 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரநிர்ணயத்தின் கணக்கு. மூலைகள் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். கடையில் தள்ளுவண்டியும் டின்னும் இடிப்பது மூலையில்தான். டைலுக்குப் பின்னால் பொந்து இருந்தால் எறும்பும் கரப்பானும் குடிவரும் என்பது மளிகைக்காரருக்குக் கூடுதல் கவலை.

இணைப்பு இடைவெளியே தெரியாமல் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் நம்மில் அதிகம். அழகுதான், ஆனால் கூடாது. சுவரில் குறைந்தது 2 மி.மீ. ஸ்பேசர் வைக்க வேண்டும். சுவரும் சுவரும் சேரும் உள் மூலையிலும், தரையும் சுவரும் சேரும் இடத்திலும் சிமெண்ட் கிரவுட் நிரப்பாமல் சிலிக்கான் நிரப்ப வேண்டும். நீளச் சுவரில் பத்துப் பதினைந்து அடிக்கு ஓர் இடத்திலும் அப்படியே. செங்கல் அடுக்கு போல மாற்றி மாற்றி ஒட்ட ஆசைப்பட்டால் பாதிக்குப் பாதி வேண்டாம். நீள டைல் நடுவில் லேசாக வில்லாக இருக்கும். ஒன்றின் நடு மற்றதன் ஓரத்தோடு சேர்ந்தால் விளிம்பு தூக்கித் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாமல் வைத்தால் சரியாக இருக்கும். கிரவுட் வேலை 24 மணி நேரம் கழித்து. எண்ணெய், வெல்லம், புளி வைக்கும் பக்கத்தில் எபாக்ஸி கிரவுட் போட்டால் கறை உள்ளே இறங்காது. மற்ற இடத்துக்குச் சாதாரண கிரவுட் போதும்.

கடை முகப்பில், நடைபாதைக்கு மேலே உயரத்தில் பெரிய டைல்ஸ் ஒட்டுவது வேறு வேலை. வெயிலும் மழையும் நேராகப் படும். கீழே ஜனம் நடக்கும். அதைப் பசையை மட்டும் நம்பிச் செய்யாமல், எவர்சில்வர் கிளாம்பு போட்டுப் பிடிக்க வேண்டுமா என்று தெரிந்த என்ஜினீயரைக் கேட்டே செய்யுங்கள். பழைய டைலின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது பற்றியும் நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கென்று பசையும் பிரைமரும் உண்டு. ஆனால் பழைய டைல் தாங்கும் எடை இரண்டு பங்குக்கு மேலாகிவிடுகிறது. அந்தப் பழைய டைல் எப்படி ஒட்டப்பட்டது என்று தெரியாதபோது நாம் அதைச் சொல்லமாட்டோம்.

ராக்கை எதில் மாட்டுவது?

டைல்ஸ் ஒட்டி முடிந்த மறுநாளே ராக்கைக் கொண்டுவந்து துளை போட ஆரம்பிப்பது நம் வழக்கம். இரும்பு ஆங்கிள் ராக் தரையில் நிற்க வேண்டும். சுவரில் மாட்டும் திருகு ராக் முன்னால் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும்தான். பருப்பு டப்பாக்களும் பிஸ்கட் பெட்டிகளும் அடுக்கிய அலமாரியின் எடை டைலில் தொங்கக் கூடாது. திருகும் பிளக்கும் டைல், பசை, பூச்சு மூன்றையும் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும். டைல், பசை, பூச்சு சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் வருவதால், ஒன்றரை அங்குலத் திருகு செங்கல்லில் சரியாகப் பிடிக்காது, மூன்றங்குலமாவது வேண்டும். துளையை டைலுக்கான வைர முனைப் பிட்டில், சுத்தியல் விசையை நிறுத்திவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே போட வேண்டும். டைலைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்ட பிறகுதான் சுத்தியல் விசை. பின்னால் பசை நிறைந்திருக்கும் டைல் துளைக்கு அசையாது; பொந்தாக இருப்பது பிட் அழுத்தும்போதே விரிசல் விடும். பசை நன்றாக இறுக அவகாசம் கொடுத்து, ஒரு வாரமாவது கழித்து இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி பேசும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாமல், பெயிண்டும் பட்டியும் சுரண்டுவது, பின்பக்கம் துடைத்துப் பசை தேய்ப்பது, முதல் டைலைக் கழற்றிக் காட்டுவது ஆகியவையும் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவற்றுக்குக் கூலி கூடும்; கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். கூலியில் ஒரு பகுதியை ஒரு மாதம் நிறுத்திவைத்து, அதற்குள் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் டைலில் பென்சிலால் குறி வைத்து, மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மீதியைத் தீருங்கள். வாங்கிய டைலில் ஒரு பெட்டியை எடுத்து வையுங்கள். அதே டிசைனில், அதே ஷேடு எண்ணில் இரண்டாண்டு கழித்துச் சரக்கு கிடைப்பதில்லை.